அம்புரோஸின் துப்பாக்கிக்குப் புது இரும்பு

யூகான் வடகரை, அலாஸ்கா
1968 அக்டோபர் 14

அன்புள்ள கிளெமென்ட்டுக்கு,

உன் பெரியம்மா யூலாலியா எழுதுவது. என் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பதின்மூன்று மாதங்களில் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. அதிலும் இரண்டு பிழைகள். உனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதால் அந்த அட்டையை யாருக்கும் காட்டவில்லை.

ஆறு ஓரங்களில் உறையத் தொடங்கிவிட்டது. சால்மன் இந்த வருடம் குறைவு. புகைக்கூடத்தில் பாதிக் கழிகள் காலியாகத்தான் கிடந்தன. வண்டி இழுக்கும் நாய்களில் ஐந்தைப் பெரியப்பாவின் தம்பி சைமனிடம் கொடுத்துவிட்டேன். பெரியப்பாவின் வண்டிக்கு முன்னால் ஓடிய கிழட்டு நாயை மட்டும் அவன் வேண்டாம் என்றான். அது செப்டம்பர் முழுவதும் படகுத்துறையைப் பார்த்து ஊளையிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல் விறகுக்கட்டையால் அடித்தேன். காது கிழிந்துவிட்டது. பிறகு நானே உட்கார்ந்து தைத்தேன். இப்போது ஊளையிடுவதில்லை; என்னைப் பார்த்தால் எழுந்து நகர்கிறது.

கடைக்கார நில்ஸின் மகள் நீ வேலை செய்யும் ஊரிலேயே இருக்கிறாள் என்பதை மறந்துவிடாதே. அவள் தன் அப்பாவுக்கு எழுதுகிறாள். அவன் கடையைத் திறந்ததும் எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறான். மீன் டப்பா ஆலையில் ஒருவன் உன்னிடம், "நீங்க ஆத்தங்கரைக்காரங்க நல்லாச் சுடுவீங்களாமே?" என்று கேட்டானாம். அவ்வளவுதான் கேட்டான். நீ அவனுடைய தாடையை உடைத்தாய். அது போதாமல் சுவரில் குத்தி உன் விரல்கள் இரண்டை உடைத்துக்கொண்டாய். எந்தக் கை, எந்த விரல்கள் என்று அவள் எழுதவில்லை. நீ எழுது. எனக்கு அது தெரிய வேண்டிய காரணம் இருக்கிறது.

உன் பெரியப்பா அம்புரோஸின் நினைவு விருந்து மார்ச் முதல் வாரம் என்று முடிவாகிவிட்டது. கீழ் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கடைசி இரவு ஒருவன் அவருக்காகப் புது உடை உடுத்தி, அவராக நின்று, விடிந்ததும் ஆற்றுக்குப் போய் அந்த உடையிலிருந்து அவர் ஆவியை உதறிவிட்டு வரவேண்டும். பிறகு எல்லோரும் அவன் கையைப் பிடித்து அவரிடம் விடைபெறுவோம். உடுத்துபவனைத் தேர்ந்தெடுப்பது மனைவி. துப்பாக்கியும் அவனுக்குத்தான் போகும். நான் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இதைக் கேள்வியாக எழுதவில்லை என்பதைக் கவனி.

விருந்தில் கொடுக்கும் பொருள் குறையில்லாமல் இருக்கவேண்டும். துப்பாக்கியில் குறி பார்க்கும் பின் இரும்பு சரியில்லை. குழல் நுனியில் இருக்கும் முன் குமிழும் தேய்ந்துவிட்டது. இரண்டையும் மாற்றப் போகிறேன். உனக்கு எது வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நில்ஸின் கடையில் தபாலில் சாமான் வரவழைக்கும் படப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தோம். பின் இரும்பில் இரண்டு வகை. ஒன்று இப்போது இருப்பதுபோல் குழலின் மேல் உட்காரும் பள்ளம். பள்ளத்துக்குள் முன் குமிழை வைத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்று வளையம். அது பின்னால், கண்ணுக்கு அருகில், துப்பாக்கியின் உடம்போடு இரண்டு திருகுகளால் பூட்டப்படும். வளையத்தின் ஊடே குமிழை மட்டும் பார்த்தால் போதும் என்று நில்ஸ் சொல்கிறான்.

சைமன் விடுவானா? "வளையமா? அது பட்டாளத்துக்காரனுக்கு, அண்ணி. பனி போய் அடைச்சுக்கிச்சுன்னா அப்புறம் கரடி வாய்க்குள்ள போய்த்தான் குறி பாக்கணும்" என்றான்.

"ஊதி விட்டாப் போச்சு" என்றான் நில்ஸ்.

"ஊது, ஊது. நீ ஊதுற மூச்சு அங்கேயே ஒறைஞ்சு கண்ணாடியா நிக்கும். அடுப்புப் பக்கத்துல உக்காந்து புஸ்தகத்துல வேட்டையாடுறவனுக்கு வெளியில குளிருதுன்னு யாரு சொல்றது?"

முன் குமிழுக்கும் இதே சண்டை. வெள்ளை பனியில் தெரியாது. பித்தளை மர நிழலில் தெரியும், வெயில் பட்டால் கண்ணைக் கூசும். சைமன் சிரித்துக்கொண்டே, "செவப்பு வாங்குங்க அண்ணி. எப்படியும் கடைசியில எல்லாம் செவப்பாத்தானே ஆவுது" என்றான். யார் முன்னால் சொன்னோம் என்பது அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்து வாயைத் திறந்தவன் ஹெர்மன். கணப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தான். "இரும்பு எதுவா இருந்தா என்ன? புடிக்கிறவன் கை நிக்கணும். அந்தப் பய ஒழுங்காச் சுட்டிருந்தா அம்புரோஸ் இன்னிக்கு இந்த எடத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு" என்றான்.

சைமன் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. வாசலில் உறைந்த விலாங்கு மீன்கள் சாக்கில் இருந்தன. ஒன்றை வாலைப் பிடித்து எடுத்து ஹெர்மனின் வாயில் அடித்தான். விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பற்கள் மேசைமேல் விழுந்தன, ரத்தம் புத்தகத்தின் மேல் கொட்டியது. மறுபடி ஓங்கினபோது நில்ஸ் பாய்ந்து பிடித்தான். பிடித்த வேகத்தில் அவன் மூக்கிலும் ஓர் அடி. வளையங்கள் இருந்த பக்கம் இப்போது ஹெர்மனின் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தியால் பிரித்துத்தான் பொருளின் எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கவேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளமா, வளையமா, எந்த நிறம் என்று எழுது. காலணி அளவும் எழுது. மேலங்கிக்குத் தோல் வெட்டியாகிவிட்டது. கடவுள் உன் கோபத்தைக் கட்டி வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
யூலாலியா


யூகான் வடகரை
1968 டிசம்பர் 9

அன்புள்ள கிளெமென்ட்டுக்கு,

உன் நான்கு வரிகள் வந்து சேர்ந்தன. "துப்பாக்கியை ஆற்றில் போடுங்கள். உடுத்த வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. மன்னியுங்கள்." பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய். அளவும் இல்லை, நிறமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

ஆற்றில் போடமாட்டேன். அந்தத் துப்பாக்கி இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது. அதில் உன் சோறும் அடக்கம். உன் அம்மாவைக் காசநோய் கொண்டுபோன வாரம், உனக்கு நான்கு வயது, நீ எதையும் விழுங்க மறுத்தாய். பெரியப்பா அதே துப்பாக்கியோடு போய் ஒரு காட்டுக்கோழியைக் கொண்டுவந்தார். அதன் ரசத்தைத்தான் முதலில் குடித்தாய்.

நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய் என்று எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. குடித்துவிட்டுப் படிக்காதே.

அன்று மாலை படகைக் கரையில் இழுத்துவிட்டு நீ எல்லோருக்கும் சொன்னது இது. ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் பெரியப்பா காட்டுமானின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நீ பின்தொடையைத் தோளில் சுமந்து படகுக்கு வந்தாய். சத்தம் கேட்டுத் திரும்பினால் அது அவர்மேல் நின்றது. போன கடிதத்தில் சைமன் பேச்சில் வந்த மிருகம்தான்; அன்று அதன் பெயரை எழுதியதே தவறு, இனி எழுதமாட்டேன்; எங்கள் பெண்கள் வாயால் சொல்வதில்லை, எழுதுவதும் சொல்வதுதான். உன் துப்பாக்கி இறைச்சிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவருடையது படகின் முகப்பில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தாய். நடுவில் எழுபது தப்படி, இடுப்பளவு சேறு. மூன்று குண்டுகள். முதலாவது தவறிவிட்டது, இரண்டாவது மண்ணில் பட்டது, மூன்றாவது அதன் கழுத்தை முறித்தது. இதைச் சொல்லிவிட்டு நீ என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாய்.

மறுநாள் சைமன் அங்கே போய், வழக்கப்படி அதன் கண்களைக் கீறிவிட்டு, பாதங்களை வெட்டி எறிந்துவிட்டு வந்தான். அதன் இறைச்சியை யாரும் தொடவில்லை.

அவரைக் கழுவ மூன்று பெண்கள் வந்தார்கள். நான் மூவரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டேன். திமிர் பிடித்தவள் என்று ஜஸ்டினா கதவுக்கு வெளியிலேயே சொன்னாள். என் கணவரை அந்த நிலையில் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். தலைத்தோல் நெற்றியிலிருந்து உரிந்து பிடரியில் மடங்கிக் கிடந்தது. இடது காது இல்லை. தாடை ஒரு பக்கம் திறந்து பற்கள் தெரிந்தன. இடது கை முழங்கைக்குக் கீழே நரம்பில் தொங்கியது. வயிற்றில் நான்கு கோடுகள், உள்ளே இருந்தது வெளியே வந்திருந்தது. எல்லாவற்றையும் கழுவினேன், உள்ளே வைத்தேன், தைத்தேன். பலிபீடத் துணிக்கென்று கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த தையல், அங்குலத்துக்குப் பன்னிரண்டு. கோணலாகப் போன இடத்தைப் பிரித்து மறுபடி தைத்தேன். விடியும்வரை ஆனது.

வலது காறையெலும்புக்குக் கீழே ஓர் ஓட்டை இருந்தது. என் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. ஓரம் வட்டமாக, சுத்தமாக இருந்தது. நகம் அப்படி ஓட்டை போடாது. பல்லும் போடாது. முதுகில் தோள்பட்டைக்கு அருகே தோலுக்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கத்தரிக்கோலால் கீறி எடுத்தேன். அது என் தையல் விரல்தொப்பிப் பெட்டியில் இருக்கிறது. முன்னால் ஐந்து தையல், பின்னால் மூன்று.

நான்கு நாள் கழித்து விமானத்தில் வந்த போலீஸ்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். தையலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. எழுத வேண்டியதை நின்ற இடத்திலேயே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, கிளெமென்ட், எனக்குத் தெரியும். அன்று இரவிலிருந்தே தெரியும். அந்தக் குண்டு இல்லாவிட்டால் அவர் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் ஆறுதல் சொல்லவும் மாட்டேன். மூன்றாவது குண்டு இல்லாவிட்டால் அடக்கம் செய்ய அவரே இருந்திருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

உன் கை நடுங்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டும். நில்ஸ் தபால் பையோடு கதவைத் தட்டுகிறான், விமானம் வந்துவிட்டதாம். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
யூலாலியா


யூகான் வடகரை
1969 ஜனவரி 27

கிளெமென்ட், என் மகனே,

உன் ஒரு வரி வந்தது. "தெரிந்துமா என்னை உடுத்தச் சொல்கிறீர்கள்?" அதே பையில் நில்ஸின் மகளின் கடிதமும் வந்தது. துறைமுகப் பாலத்தின் முனையிலிருந்து நீ தண்ணீருக்குள் இறங்கினாய் என்று எழுதியிருக்கிறாள். விழவில்லை, ஏணி வழியாக நிதானமாக இறங்கினாயாம். இரண்டு மீனவர்கள் படகுக் கொக்கியால் உன்னை இழுத்தார்களாம். கொக்கி தோளுக்குள் போய்விட்டதாம். கடையில் எல்லோர் முன்னாலும் நில்ஸ் இதைப் படித்தான். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் முழுவதையும் படி என்றேன்.

அன்று நில்ஸ் கதவைத் தட்டவில்லை. விமானம் மறுநாள்தான் வந்தது. இன்னும் ஒரு பக்கம் எழுத எனக்குத் தைரியம் இல்லாததால் எழுதிய பொய் அது. அந்தப் பொய்யால் உன்னை அரைக் கடிதத்தோடு ஏழு வாரம் விட்டுவிட்டேன். மீதிப் பாதி இதோ.

நீ நன்றாகத்தான் குறி பார்த்தாய். துப்பாக்கி இடப்பக்கம் சுட்டது. எழுபது தப்படிக்கு இரண்டு கை அகலம் இடப்பக்கம். மூன்றாவது குண்டு பட்டது, அதற்குள் அது இடப்பக்கம் நகர்ந்திருக்கும் என்பதால்தான். உன் பெரியப்பாவுக்கு அது தெரியும். அவர் எப்போதும் இரண்டு கை வலப்பக்கம் பிடித்துச் சுடுவார். உனக்கு அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டவள் நான்.

அந்த வருட ஈஸ்டருக்குப் பாதிரியார் நம் வீட்டில் தங்கினார், நினைவிருக்கிறதா? அதற்கு முன் நான் சுவர்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆண்கள் வீட்டில் இல்லை. வேட்டைத் துப்பாக்கியைப் பெண் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? மடத்துப் பள்ளியில் படித்தவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். ஆணியிலிருந்து எடுத்தேன். கை சோப்பில் வழுக்கியது. பின் இரும்பு அடுப்பின் விளிம்பில் மோதியது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ரொட்டிக் கத்தியின் முதுகு அளவுக்குத்தான் நகர்ந்திருந்தது.

அன்றே அவரிடம் சொன்னேன். அவர் அதைத் தட்டி நடுவில் கொண்டுவந்தார். இரண்டு குண்டு சுட்டதும் அது பழையபடி இடப்பக்கம் போய் உட்கார்ந்தது. இரும்பு உட்காரும் காடி தளர்ந்துவிட்டது என்றார். புதிது வாங்க வேண்டுமானால் நில்ஸிடம் சொல்லவேண்டும். நில்ஸிடம் சொன்னால் சைமன் ஏன் என்று கேட்பான். துப்பாக்கியைத் தொட்டது யூலாலியா என்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தக் கிழவிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னேன். கெஞ்சவில்லை, உனக்கு என்னைத் தெரியும், உத்தரவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "சரி விடு. இந்தத் துப்பாக்கியை என்னைத் தவிர வேற யாரு தொடப் போறா? நீயா?" என்றார். ஒரு தகரத் துண்டைச் செருகி, இரும்பை அது உட்கார்ந்த இடத்திலேயே இறுக்கினார். இது மார்ச்சில். செப்டம்பரில் நீ அதைக் கையில் எடுத்தாய்.

பெண் தொட்டதால் வேட்டை கெட்டது என்கிறார்கள் இங்கே. அது மூடநம்பிக்கை என்றால் இரும்பை நகர்த்தியவள் நான். உண்மை என்றாலும் தொட்டவள் நான்தான். இரண்டு வழியிலும் வந்து நிற்பது என் வாசலில்தான், உன் வாசலில் அல்ல.

நான் சொல்வதை நம்பாதே. ஒருத்தி உன்னை உயிரோடு வைத்திருக்க எதை வேண்டுமானாலும் எழுதுவாள் என்று நினைப்பாய். ஆகவே இதையும் கேள். உன் வரி வந்த மறுநாள் சைமனை ஆற்றுப் பனிக்கட்டிமேல் கூட்டிக்கொண்டு போனேன். கொழுப்பு டப்பாவை ஒரு கழியில் மாட்டி, எழுபது தப்படி நானே நடந்து அளந்தேன். துப்பாக்கியைச் சறுக்குவண்டிமேல் மூட்டை வைத்துப் படுக்கவைத்து, டப்பாவை நடுவில் பார்த்து, நானே சுட்டேன். "அண்ணி, என்ன பண்றீங்க, விடுங்க" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். மூன்று குண்டு. என் தோள் இன்னும் கறுத்திருக்கிறது. டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை. இடப்பக்கம், இரண்டு கை தள்ளி, பனித்திட்டில் மூன்று ஓட்டைகள், ஒரே உள்ளங்கைக்குள். பிறகு சைமன் சுட்டான். அவன் குண்டும் அங்கேதான்.

அவன் பனிமேல் உட்கார்ந்துவிட்டான். "யாரு இதை இப்படிப் பண்ணினது?" என்று கேட்டான்.

அவனை நில்ஸின் கடைக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் விமானத்தில் சரக்கு வந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். கணப்புக்கு முன்னால் நின்று, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். எழுபது தப்படி, மூன்று குண்டு, முதல் குண்டு எங்கே போனது, அது இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுவரை. உன் பெயரை நான் மறைத்தால் நீயும் மறைந்தே சாவாய் என்று தோன்றியது. அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

முதலில் பேசியவள் ஜஸ்டினா. "கன்னியாஸ்திரிங்க தையல் சொல்லிக்குடுத்தாங்க, இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தாங்க. எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிக்குடுக்க மறந்துட்டாங்க போல" என்றாள். நான் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டேன். என்னால் அப்படி நிற்க முடியும் என்று எனக்கே தெரியாது.

சைமன் நில்ஸின் கெட்டிலை எடுத்துச் சுவரில் அறைந்தான். வெந்நீர் அவன் கையிலேயே கொட்டியது. "ஒரு வருஷமா அவனுக்காகச் சண்டை போட்டேன். ஒருத்தன் பல்லை ஒடைச்சேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்களே அண்ணி! அவன் கை நடுங்கிடுச்சுன்னு நானே நம்பிட்டேனே! நம்பிக்கிட்டேதானே அடிச்சேன்!" என்று கத்தினான். பிறகு என் தொண்டையைப் பிடித்தான். சுவரோடு தூக்கி நிறுத்தினான். நில்ஸும் ஹெர்மனும்தான் விலக்கினார்கள். ஆமாம், ஹெர்மன்தான். விலக்கிவிட்டு, "அப்ப என் பல்லுக்கு யாரைக் கேக்கிறது? அண்ணியையா, தம்பியையா?" என்றான். ஒருத்தி சிரித்தாள். பிறகு ஹெர்மன் தொப்பியைக் கழற்றி, "நான் பேசினது தப்பு. அவன் வந்தா அவன்கிட்டயே சொல்றேன்" என்றான். அதை உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறான்.

பதினோரு நாள் சைமன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பன்னிரண்டாம் நாள் கையில் கட்டோடு வந்தான். வணக்கம் சொல்லவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துக் கைத்துளைப்பானை எடுத்தான்.

நீ பதில் எழுதாததால் நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். வளையம்தான். பனி அடைக்கும் என்பது உண்மை. தோல் மூடி ஒன்று தைத்திருக்கிறேன், பல்லால் கடித்து இழுத்தால் வந்துவிடும். பள்ளம் வேண்டாம். அது குழலின் மேல் காடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் நகர்ந்துவிட்டு, நகரவே இல்லை என்பதுபோல் நடிக்கும். பழையது ஒரே ஒருவருடைய கண்ணுக்குத்தான் உண்மை சொன்னது. யார் எடுத்தாலும் ஒன்றையே சொல்லும் இரும்பு வேண்டும் எனக்கு. வளையம் உயரமாக நிற்பதால் முன் குமிழும் உயரமாக வேண்டும், இல்லாவிட்டால் குண்டு மேலே போகும் என்று சைமன் அந்த மேசையில் பேசிய ஒரே வாக்கியத்தில் சொன்னான். ஆகவே உயரமான பித்தளைக் குமிழ். சிவப்பு வேண்டாம் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பழைய பின் இரும்பைக் கழற்றக் கருவியே தேவைப்படவில்லை. தகரத்தை உருவியதும் சைமன் கட்டைவிரலால் தள்ளினான், வந்துவிட்டது. அதையும் அந்தக் குண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். விருந்தின் முடிவில், சுற்றி நின்று ஆடிய கம்பத்தை முறித்து ஆற்றில் போடும்போது நானும் அவற்றைப் போடுவேன். துப்பாக்கியை ஆற்றில் போடச் சொன்னாய். ஆற்றுக்குப் போக வேண்டியவை இவை இரண்டும்தான்.

மேலங்கி முடிந்தது. நரித்தோல் கழுத்து. வலது கையுறையில் சுட்டுவிரலுக்குத் தனி இடம் விட்டிருக்கிறேன். உடைந்த விரல் அதுதான் என்றால் கொஞ்சம் அகலமாகப் பிரித்துத் தருகிறேன். காலணியை ஒன்பதரைக்கு வெட்டினேன். கொக்கி கிழித்த இடத்தை அங்கே யார் தைத்தார்கள்? அவசரத்தில் பெரிய பெரிய தையலாகப் போட்டிருப்பார்கள். வந்ததும் பார்க்கிறேன்.

விமானம் செவ்வாயும் வெள்ளியும். பிப்ரவரி கடைசி வெள்ளிக்குள் வந்துவிடு. நீ வராவிட்டால் உடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். உன் பெரியப்பா ஆற்றுக்குப் போகாமல் இந்த வீட்டிலேயே நிற்பார். வேறு யாருக்கும் அதை உடுத்திவிடமாட்டேன். இது என் பிடிவாதம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதற்கு இனி புதிதாக எதுவும் இல்லை.

நான் சாப்பிடுவதற்கு முன் சொல்லும் ஜெபத்தில் உன் பெயர் பெரியப்பாவின் பெயருக்கு அடுத்து வந்துகொண்டிருந்தது. இறந்தவர்கள் வரிசை அது. இந்த வாரம் அதை எடுத்து உயிரோடிருப்பவர்கள் பக்கம் வைத்திருக்கிறேன். அங்கேயே இருக்க அந்த ஆண்டவர் உனக்குப் பலம் தரட்டும்.

வளையத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் இரண்டு சிறு திருகுகளைச் சைமன் இறுக்க வந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். குறி வைக்க வேண்டியது உன் கண்ணுக்கு. கொழுப்பு டப்பா இன்னும் ஆற்றின்மேல் கழியில் தொங்குகிறது, எழுபது தப்படியில். திருகுகள் தளர்வாகத்தான் இருக்கின்றன, கிளெமென்ட். நீ வந்து இறுக்கு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
யூலாலியா